நாலு இஞ்சு குறைச்ச ஆக்ஸில்

முன் ஆக்ஸில் ஒரிஜினலான்னுதானுங்க கேட்டீங்க? இல்லீங்க. ஒரிஜினலைவிட நாலு இஞ்சு குறைச்சல். இந்தப் பழைய வண்டிக் கண்காட்சிக்குக் காலையில இருந்து எத்தனையோ பேர் வந்தாங்க. பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தாங்க, ஸ்டியரிங்கைத் தடவிப் பாத்தாங்க, ஹாரனை அமுக்கிட்டு ஓடினாங்க. குனிஞ்சு அடியில பாத்தது நீங்க ஒருத்தர்தான் தம்பி. அதனால உங்ககிட்ட சொல்றேன். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. மார்க்குப் போடறவங்க இந்த வரிசைக்கு வர இன்னும் நேரம் கெடக்கு.

என்ர பேரு சென்னியப்பன். பொள்ளாச்சி. உடுமலை ரோட்டுல கடலை எண்ணெய் மில்லு வெச்சிருக்கறேன். வண்டி எங்கப்பா வாங்கினது. முப்பத்தாறாம் வருஷத்து அமெரிக்க வண்டி. வால்பாறையில எஸ்டேட் வெச்சிருந்த ஒரு துரை ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போனது. அப்ப இதுக்கு நாலு பக்கமும் மட்கார்டு இருந்துச்சு. கழட்டினது நானும் என்ர தம்பியும். எனக்கு இருபத்திரண்டு வயசு, அவனுக்குப் பதினேழு. ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில படம் பாத்துட்டேன். மட்கார்டு கிடையாது, கூரை கிடையாது, எஞ்சின் அப்படியே வெளிய தெரியுது. ஹாட் ராடுன்னு போட்டிருந்தான். அப்பா பழனிக்குப் போன அன்னைக்கு ஒட்டுக்காக் கழட்டிப் போட்டுட்டோம். வந்து பாத்தாரு. யாரு பண்ணினதுன்னு கேட்டாரு. தம்பி, "நான்தானுங்கப்பா" அப்படின்னான். அடியும் அவந்தான் வாங்கினான். நான் கம்முனு இருந்துட்டேன். ஸ்பேனர் அவன் கையிலதானுங்களே இருந்துச்சு.

அன்னையிலிருந்து ஊருக்குள்ள இதுக்கு மொட்டை வண்டின்னு பேரு.

தம்பி பேரு அவிநாசியப்பன். லேத்துப் பட்டறை. கிணத்து மோட்டாருக்குத் தண்டு கடைஞ்சு குடுக்கறவன். கைவேலை நல்லா இருக்கும், அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவன் கட்டின சுவரால நான் பட்ட பாடு இருக்குதே, அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

அப்பா போனதுக்கப்புறம் பாகம் பிரிச்சோம். முன்னாடி வீடும் பட்டறையும் அவனுக்கு. பின்னாடி வீடும் வண்டி நிக்கற கொட்டகையும் எனக்கு. எல்லாம் சுமுகமாத்தான் போச்சு. கடைசியில வண்டிப் பேச்சு வந்தப்ப அவன் ஒரு வார்த்தை சொன்னான். "அந்த மொட்டை வண்டி அண்ணங்கிட்டயே இருக்கட்டும், அது இனி பழைய இரும்பு எடைக்குத்தான் ஆகும்." உக்காந்திருந்த பெரிய மனுசங்க அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அடுத்த நாள் காலையில வக்கீலுக்குப் போன் பண்ணி, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சுவரு வேணும்னு சொல்லிட்டேன்.

அதாவது, சுவரு கேட்டது நான்தான். அது வேற விஷயம்.

அவன் வீட்டுப் பக்கமா ரோட்டுல இருந்து பின்னாடி வர்றதுக்கு ஒரு தடம் இருக்குது. அகலம் பத்தடி எட்டு இஞ்சு. அவன் என்ன சொன்னான்னா, "அண்ணா, தடத்தைப் பிரிக்க வேண்டாம். பொதுவாவே கெடக்கட்டும். வண்டி வாசி போக வரணுமில்ல?" அப்படின்னான். எனக்கு எதுக்குங்க அவன் தர்மம்? பாதின்னா பாதிதான்னு சொல்லிட்டேன். பத்தடி எட்டு இஞ்சுல பாதி அஞ்சடி நாலு இஞ்சு. டேப்போட ஒரு முனையை நானே பிடிச்சேன். சுவரோட கனம் அவன் பக்கம் போகணும்னும் சொல்லிட்டேன். சரின்னு தலையை ஆட்டினான். கட்டி முடிச்சான். அதோட பேச்சு நின்னு போச்சு. நாலு வருஷம்.

அப்ப வண்டி அஞ்சடி ரெண்டு இஞ்சு. அந்தப் பக்கம் ஒரு இஞ்சு, இந்தப் பக்கம் ஒரு இஞ்சு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டிட்டு வந்துருவேன். ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்படியே போயிட்டு இருந்தா இந்தக் கதையே இல்லீங்க.

கெரகம், ஒரு நாள் மரகதத்தைக் கூட்டிட்டு ஆழியார் போனேன். மரகதம் என்ர சம்சாரம். திரும்பி வர்றப்ப எறக்கத்துல ஒரு மாடு குறுக்க வந்துருச்சு. பிரேக்கை மிதிக்கறேன், மிதிக்கறேன், வண்டி போயிட்டே இருக்குது. அந்தக் காலத்துப் பிரேக்கு, கம்பியில இழுக்கறது. கடைசியில ரோட்டோரம் கொட்டி வெச்சிருந்த ஜல்லி மேல ஏத்தித்தான் நிறுத்தினேன். மாட்டுக்கு ஒண்ணும் ஆகலை. மரகதம் சீலையில இருந்த மண்ணைத் தட்டிவிட்டுட்டு எறங்கினா. ஒரு வார்த்தை திட்டலை. நடந்து போய் பஸ் ஸ்டாப்புல நின்னு, வந்த பஸ்ஸுல ஏறிப் போயிட்டா. வீட்டுக்கு வந்ததும் சொன்னா: "பிரேக்கு புடிக்கற வண்டியில கூப்பிடுங்க, வர்றேன்."

சரின்னு இஸ்மாயில் பாயைக் கூப்பிட்டேன். எங்க ஊர்ல பழைய வண்டிக்கு அவரை விட்டா ஆள் கிடையாது. கொட்டகையிலயே வெச்சு முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்டாரு. பிரேக்கு பெருசானா ரிம்மும் பெருசு வேணும், டயரும் அகலமா வேணும். எல்லாம் மாட்டி முடிச்சுப் பாத்தா முன்னாடி மட்டும் சிங்கம் மாதிரி நிக்குது. எனக்கு ஒரே சந்தோஷம். பாய் மட்டும் டேப்பை எடுத்து அளந்தாரு. மறுபடி ஒருக்கா அளந்தாரு.

"சென்னியண்ணா, ஒரு பக்கத்துக்கு ரெண்டேகால் இஞ்சு வெளிய வந்துருச்சு. மொத்தம் அஞ்சடி ஆறரை."

"அதனால?"

"தடம் அஞ்சடி நாலுதானுங்களே?"

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவர் கேட்டாரு, தடத்துல போகுமாண்ணான்னு. போகும்னு நான்தான் சொன்னேன். ஆனா ஒரு மெக்கானிக்குன்னா நாம சொன்னதை அப்படியே நம்பறதுங்களா?

ஆக, வண்டி உள்ள மாட்டிக்கிச்சு. பின் சக்கரம் போகும், உடம்பு போகும், முன் சக்கரம் மட்டும் போகாது. பழையபடி மாத்தலாம்னா பிரேக்கு போயிரும், பிரேக்கு போனா மரகதம் வர மாட்டா. பாய் டேப்பைச் சுருட்டி வெச்சுட்டு, "தம்பி நல்ல மனுசருங்கண்ணா. ஒரு வார்த்தை கேளுங்க. சுவரைக் கொஞ்சம் தள்ளிக்குவாரு" அப்படின்னாரு.

"பாய், நீங்க வண்டியைப் பத்திப் பேசுங்க."

"வண்டியைப் பத்தின்னா, முன் ஆக்ஸிலை நாலு இஞ்சு குறைச்சலா மாத்தணும். புதுசா ஒரே இரும்புல அடிச்சு எடுத்து, ஓட்டை போட்டு, கடைஞ்சு மாட்டணும். அந்த வேலைக்கும் நம்மூர்ல உங்க தம்பிதான் ஆளு."

"வேற வழியே இல்லியா?"

"இருக்கற ஆக்ஸிலையே நடுவுல வெட்டி, நாலு இஞ்சை எடுத்துட்டு ஒட்டலாம்னு சிலபேர் சொல்லுவாங்க. நான் செய்ய மாட்டேன். வண்டியோட மொத்த முன் பாரமும் அது மேலதான் உக்காருது."

பாத்தீங்களா? நடுவுல வெட்டி ஒட்டலாம்னு பாயே சொல்லிட்டாரு. நானா யோசிச்சது இல்லை.

ஒரு வெல்டரைப் பிடிச்சேன். ஜன்னல் கம்பி, இரும்புக் கேட்டு செய்யறவரு. நல்ல மனுசன். ஆக்ஸிலைக் கழட்டிக் கொண்டு போய்க் குடுத்தேன். ஒரே நாள்ல வெட்டி ஒட்டி, மேல ராவி, பெயிண்டும் அடிச்சுக் குடுத்துட்டாரு. எங்க ஒட்டினதுன்னே தெரியலை. நானே மாட்டினேன். முன் ஸ்பிரிங் இந்த வண்டியில குறுக்காப் போகும் பாருங்க, அதோட ரெண்டு முனையும் உக்கார்ற இடம் கிட்டக் கிட்ட வந்துருச்சு. ஸ்பிரிங்கை ஜாக்கி வெச்சு அமுக்கி எப்படியோ திணிச்சுட்டேன். கொஞ்சம் முனகுச்சு. புதுசுன்னா முனகத்தானுங்க செய்யும்.

தைப்பூசக் கூட்டமெல்லாம் ஓய்ஞ்சதுக்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை பழனி போலாம்னு மரகதத்துகிட்டச் சொன்னேன். பிரேக்கை மிதிச்சுக் காட்டினேன். சரின்னுட்டா. விடிகாலையில எந்திரிச்சு எலுமிச்சஞ்சாதம் கிளறி, உருளைக்கிழங்கு வதக்கி, டிபன் கேரியர்ல அடைச்சு மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தா. தலை நிறைய கனகாம்பரம். வண்டியைக் கிளப்பிட்டேன். தடத்துல நுழைஞ்சுது. முன் சக்கரம் ரெண்டும் சுவரை உரசலை. எனக்கு அப்படியே கத்தணும் போல இருந்துச்சு. பாதித் தடம் வந்தப்ப அடியில கிறீச்சுன்னு ஒரு சத்தம். அப்புறம் இன்னொண்ணு. முன் பாதி ரோட்டுக்கு வந்துருச்சு, பின் பாதி இன்னும் தடத்துக்குள்ள. அப்ப என்ர தம்பி எதுக்க வந்து நின்னுட்டான்.

பட்டறையில இருந்து அப்படியே வந்திருக்கறான். கையில எண்ணெய்த் துணி. என்னைப் பாக்கலை. குத்த வெச்சு உக்காந்து வண்டிக்கு அடியில பாத்தான். எந்திரிச்சான்.

"அண்ணா, எறங்கு."

நாலு வருஷத்துல மொத வார்த்தை. அதுவும் எப்படி, அதிகாரமா.

"வழியை விடு. இது என்ர தடம்."

"தடம் உன்னுதுதான். ரோடு ஊருது. நான் ரோட்டுலதான் நிக்கறேன். எறங்கு." எனக்குப் பக்கத்துல பாத்து, "அண்ணி, மொதல்ல நீங்க எறங்குங்க" அப்படின்னான்.

மரகதம் எறங்கிட்டாளுங்க! என்னை ஒரு பார்வை பாத்திருக்கலாம், எறங்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேரியரைத் தூக்கிக்கிட்டு எறங்கிப் போய் அவன் வாசப்படியில நின்னுக்கிட்டா. கட்டின பொண்டாட்டி. அதுக்கப்புறம் நான் மட்டும் உக்காந்திருக்க நல்லாவா இருக்கும்? எறங்கினேன்.

அவன் பட்டறைக்குள்ள போய் ஜாக்கியும் ஒரு பெரிய சுத்தியலும் எடுத்துட்டு வந்தான். முன்னாடியைத் தூக்கினான். தொட்டா கேஸ் போடுவேன்னு சொன்னேன். "போட்டுக்க" அப்படின்னான். படுத்துக்கிட்டு நடு ஆக்ஸில்ல ஒரு அடி அடிச்சான். ஒண்ணும் ஆகலை. எனக்கு உள்ளுக்குள்ள பெருமை. ரெண்டாவது அடி. சத்தம் மாறிப் போச்சு, மணி மாதிரி இருந்தது ஓட்டைப் பானை மாதிரி கேட்டுச்சு. மூணாவது அடியில பெயிண்ட் பிளந்து, ஒட்டு வாயைத் திறந்துக்கிச்சு.

நானும் குனிஞ்சு பாத்தேன். மேல ஒரு தோல் மட்டுந்தானுங்க ஒட்டியிருந்துச்சு. உள்ள கருகருன்னு, ஒண்ணையொண்ணு தொடாத இரும்பு. என்ர சுண்டு விரல் நகம் உள்ள போச்சு.

அவன் சுத்தியலைக் கீழ வெச்சான். ரோட்டுலயே கொஞ்சம் உக்காந்துட்டான். சுத்தியல் கனம் போல. "உடுமலை வரைக்கும் கூடத் தாங்கியிருக்காது" அப்படின்னுட்டு உள்ள போயிட்டான். மரகதம் அந்தக் கேரியரை அப்படியே அவன் வீட்டுல குடுத்துட்டு வந்துட்டா. எலுமிச்சஞ்சாதம். எனக்குப் பிடிக்கும்னு தெரியும் அவளுக்கு.

மத்தியானம் ரசஞ்சோறு போட்டா. ரெண்டு வாய்க்கு மேல எறங்கலை. உப்பு அதிகம்னு சொன்னேன். உப்பே போடலையேன்னா.

நான் சும்மா விடலீங்க. சாயங்காலமே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டரு உக்காந்திருந்தாரு, பொறுமையான மனுசன். என்ர ஆக்ஸிலைத் தம்பி சுத்தியலால அடிச்சு உடைச்சுட்டான்னு சொன்னேன்.

"சுத்தியலால அடிச்சா உடையுமா ஆக்ஸிலு?" அப்படின்னாரு.

"உடைஞ்சுதுங்களே."

"அப்ப ரோட்டுல பள்ளத்துல விழுந்திருந்தா?"

"அது வேற விஷயமுங்க."

"வண்டியில கூட யாரு இருந்தது?"

"என்ர சம்சாரம்."

"அவங்க என்ன சொல்றாங்க? சாட்சி சொல்லுவாங்களா?"

"அவ அவனுக்கு எலுமிச்சஞ்சாதம் குடுத்துட்டாளுங்க."

ரைட்டரு பேனாவை மூடிட்டாரு. "வீட்டுக்குப் போய்ப் படுங்க கவுண்டரே, நாளைக்கும் எழுதணும்னு தோணுச்சுன்னா வாங்க" அப்படின்னாரு. அடுத்த நாள் மில்லுல வேலை. அதுக்கடுத்த நாள் அமாவாசை. அப்படியே விட்டுப் போச்சு.

வண்டி இருக்குதே, அது உடைஞ்ச எடத்துலயே நின்னுக்கிச்சு. பாதி ரோட்டுல, பாதி தடத்துல, புட்டியில தக்கையடிச்ச மாதிரி. முன்னால தள்ளவும் முடியலை, பின்னால இழுக்கவும் முடியலை. எங்க வீட்டுக்கு வேற வழி கிடையாது. பால்காரர் பானெட் பக்கமா ஏறி, சீட்டுல கால் வெச்சு, பின்னாடி எறங்குவாரு. கேஸ் சிலிண்டரும் அப்படித்தான் வந்துச்சு. மரகதம் சீலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஏறி எறங்கப் பழகிட்டா. அவ ஒவ்வொரு தடவையும் சீட்டுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத்தான் எறங்குவா. "வண்டி இப்பத்தான் பயமில்லாம இருக்குது" அப்படின்னு ஒரு நாள் சொன்னா.

நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ, காலையில பல்லு விளக்கிட்டே வந்தேன். வண்டிக்கு அடியில ரெண்டு சோடிக் கால் நீட்டிட்டு இருக்குது. ஒண்ணு இஸ்மாயில் பாய். இன்னொண்ணு அவன். யாரைக் கேட்டு என்ர வண்டிக்கு அடியில போனான்னு கேட்டேன். பாயைத்தான் கேட்டேன். பாய் அடியில இருந்தே சொன்னாரு: "அண்ணா, அளவு எடுக்கறோம். கொஞ்சம் அந்த லைட்டைப் பிடிங்க."

பாய் கேட்டதால பிடிச்சேன்.

அப்புறம் நடந்த பேச்சு பூராம் பாய் வழியாத்தான். ஒரே வண்டிக்கு அடியில மூணு பேர் படுத்திருக்கறோம், அவன் மூக்குக்கும் என்ர மூக்குக்கும் ஒரு சாண் தூரம்.

"பாய், அவருகிட்டச் சொல்லுங்க, நடுவுல குறைக்கக் கூடாது. ஸ்பிரிங் உக்கார்ற எடம் பழைய அளவுலயே இருக்கணும். அதுக்கு வெளிப் பக்கம்தான் ஒவ்வொரு ஓரத்துலயும் ரெண்டு இஞ்சு எடுக்கணும்."

"பாய், அவங்கிட்டச் சொல்லுங்க, அது எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியாதுங்க. ஆனா அவஞ்சொன்னதும் சட்டுனு புரிஞ்சுது. அதான் ஸ்பிரிங் கத்தியிருக்குது.

அவன் கோயமுத்தூர் போய், அங்க ஒரு கூட்டாளியோட பட்டறையில ஒரே இரும்பைக் காய்ச்சி அடிச்சு வாங்கிட்டு வந்தான். ஒட்டே கிடையாது. பட்டறையில வெச்சு ரெண்டு முனையிலும் கிங்பின்னுக்கு ஓட்டை போட்டான். சக்கரம் திரும்பறது அந்த ஓட்டையிலதானுங்க. முடி அளவு சாஞ்சாலும் வண்டி ஒரு பக்கமா இழுக்கும். அவன் அளந்தான், துடைச்சான், மறுபடி அளந்தான். மத்த வேலையை எல்லாம் தள்ளி வெச்சுட்டான். மோட்டாருக்குத் தண்டு கேட்டு வந்த தோட்டத்துக்காரங்க வாசல்ல காத்துட்டு நின்னாங்க. நான் தினமும் பட்டறை வாசல்ல நின்னு பாத்தேன். உள்ள போகலை. அவன் வேலையை ஆரம்பிச்ச ஏழாவது நாளு பாய் உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. ஓட்டைக்குள்ள விரலை விட்டுப் பாத்தேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு. எங்கப்பா மில்லுக்கு மொதல்ல வாங்கின மிசினு கூட அப்படி வழவழன்னு இருந்ததில்லை. மறுபடி ஒருக்கா விரலை விட்டுப் பாத்தேன். இரும்புத் தூசி இருக்குதான்னு பாக்கத்தான்.

"எப்படிங்கண்ணா?" அப்படின்னாரு பாய்.

"சுமார்" அப்படின்னேன்.

அவன் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டான்.

மாட்டறப்ப நான் ரெண்டு சக்கரத்தையும் சேத்து இழுக்கற டை ராடை எடுத்துக் குடுத்தேன். அவன் அதை வாங்கவே இல்லை. பட்டறையில இருந்து வேற ஒண்ணு எடுத்துட்டு வந்தான். ஆக்ஸில் குறைஞ்சா அதுவும் அத்தனையே குறையணுமாம். பழசை மாட்டியிருந்தா ரெண்டு சக்கரமும் ஒண்ணுக்கொண்ணு கோவிச்சுக்கிட்ட மாதிரி ஆளுக்கொரு பக்கம் பாத்திருக்கும். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள பாய் சொல்லிட்டாரு.

வண்டி உடைஞ்சு நின்ன பத்தொம்பதாவது நாள் அதைப் பின்னாடி கொட்டகை வரைக்கும் எடுத்து, மறுபடி முன்னாடி கொண்டு வந்தோம். அவன் வண்டிக்கு முன்னாடி பின்பக்கமா நடந்துக்கிட்டே கையைக் காட்டிட்டு வந்தான். "வா, வா, லேசா ஒடி. அவ்வளவு ஒடிக்காத. வா. நில்லு." இதையெல்லாம் எங்கிட்டப் பேசினதா எடுத்துக்கக் கூடாதுங்க. அது வண்டிகிட்டப் பேசினது. ரெண்டு பக்கமும் முக்கால் முக்கால் இஞ்சு. வெண்ணெயில கத்தி எறங்கின மாதிரி வந்துருச்சு.

ரோட்டுல வந்து நிறுத்தினதும் அவன் சுவரு மேல கையை வெச்சான். பாயைப் பாக்கலை. என்னைத்தான் பாத்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தச் சுவரை நாலு இஞ்சு தள்ளியிருப்பேண்ணா. ரெண்டு நாள் வேலை."

"பாய், அவங்கிட்டச் சொல்லுங்க, சுவரு அளவுப்படிதான் இருக்குது" அப்படின்னேன். பாய் அதைச் சொல்லவே இல்லை. கையைக் கழுவறேன்னு போயிட்டாரு. அன்னைக்கு அவருக்குக் காது சரியாக் கேக்கலை போல.

அவன் இன்னும் அங்கயேதான் நின்னான். அப்புறம் மெதுவாச் சொன்னான். "எடைக்குத்தான் ஆகும்னு அன்னைக்குச் சொல்லியிருக்கக் கூடாது. சிரிக்கறாங்களேன்னு சொல்லிட்டேன்."

நாலு வருஷமா அதை அவன் மனசுல வெச்சிருந்திருக்கறான் பாருங்க. நான் எப்பவோ மறந்துட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பழனிக்குக் கிளம்பினோம். மரகதம் ஒரு நிபந்தனை போட்டா. கொழுந்தனார் கூட வந்தாத்தான் நான் ஏறுவேன்னுட்டா. ஆக்ஸில் செஞ்சவர் அதுக்கு மேல உக்காரட்டும், அப்பத்தான் எனக்கு நம்பிக்கைன்னா. நியாயம்தானே? அவ பின்னாடி உக்காந்துக்கிட்டா, கேரியரும் அவகிட்ட. அவன் முன்னாடி எனக்கு எடப் பக்கம். ஆக, நாலு வருஷமாப் பேசாதவனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு பழனி வரைக்கும் ஓட்டினேன்.

வண்டியா அது! கையை விட்டாலும் நேராப் போகுது. உடுமலை தாண்டி, மடத்துக்குளம் வரைக்கும் அவனும் பேசலை, நானும் பேசலை. அவன் தலையைச் சாய்ச்சு அடியில சத்தம் ஏதாச்சும் வருதான்னு கேட்டுக்கிட்டே வந்தான். ஒரு சத்தமும் இல்லை.

மடத்துக்குளத்துக்கு அந்தப் பக்கம், முன்னாடி போன கரும்பு லாரி சட்டுனு நின்னுருச்சு. பின்னாடி விளக்கும் எரியலை, ஒண்ணும் இல்லை. பிரேக்கை மிதிச்சேன். புது பிரேக்கு, புது ஆக்ஸிலு. கோடு போட்ட மாதிரி, இந்தப் பக்கமும் இழுக்காம அந்தப் பக்கமும் இழுக்காம நின்னுச்சு. லாரிக்கும் நமக்கும் ரெண்டடி. கரும்புத் தோகை பானெட் மேல ஆடிட்டு இருக்குது.

எல்லாரும் மூச்சு விட்டதுக்கப்புறம் பாக்கறேன், என்ர எடது கை அவன் நெஞ்சுக்குக் குறுக்க இருக்குது. சட்டையைக் கெட்டியாப் பிடிச்சிருக்குது. சின்னப் பசங்களை முன்னாடி வெச்சு ஓட்டறப்ப பிடிப்போமில்ல, அந்த மாதிரி. அவனுக்கு அம்பத்தாறு வயசு, தலை பூராம் நரை. அவன் கையைப் பாத்தான். என்னைப் பாத்தான். கையை எடுன்னு சொல்லலை. லாரி கிளம்பற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தான்.

பின்னாடி மரகதம் மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. கரும்புத் தூசி ஒத்துக்காதுங்க அவளுக்கு.

அந்தக் கை, கியர் மாத்தறதுக்காகப் போன கைதானுங்க தம்பி. இந்த வண்டியில கியர் கொஞ்சம் தள்ளி இருக்கும்.